ஓவிய மன்னர் இரவிவர்மா

மக்கள் தம் உருவத்தை எழுதுவித்து வைத்துக்கொள்ள விரும்புதல் நெடுங்கால வழக்கம். அவ்வாறு எழுதப்பெற்ற பெருமக்களின் உருவங்களை நாம் உற்று நோக்குவோமாயின், முகத்திற்கு ஓவியன் செலவிட்ட உழைப்பினும் உடைக்கும் அணிக்கும் செலவிட்ட உழைப்பு பலவிடங்களில் மிகுந்திருத்தலைக் காண்போம். இதற்குக் காரணம் உண்டு. முகம் ஒருவரை இன்னார் என்று காட்டும். உடையோ அவர் எந்நிலையினர், எத்துணைச் செல்வர், யாரிடத்து மதிப்புப் பெற்றவர் என்பவற்றையெல்லாம் வாய் திறவாமலே சொல்லிவிடும்.

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. எட்டாம் ஹென்றி மன்னரை ஹோல்பைன் என்னும் ஓவியர் 1537ஆம் ஆண்டில் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் எழுதினார். அச்சுவர் 1698ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தொழிந்தது. ஆயினும், அகன்ற தோளும் மணிகள் பதித்த மேலங்கியுமாக ஹென்றி நின்ற கோலத்தை உலகம் இன்றும் அதன் படிகளால் அறிந்திருக்கின்றது. அவர் மகளார் எலிசபெத் அரசியார், இன்ன நிலையினர் இன்ன துணியே உடுத்தல் வேண்டுமென்று 1574ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தார். பட்டும் வெல்வெட்டும் பொற்சரிகையும் பிறப்பாலும் வருவாயாலும் அளந்து கொடுக்கப்பட்டன. அவ்வகைச் சட்டங்கள் 1604ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டன. 1632ஆம் ஆண்டில் லண்டன் நகர்க்கு வந்த வான்டைக் என்பார், தூணும் திரைச்சீலையும் பின்னிற்க, முழு உருவமும் தோன்றப் பிரபுக்களை எழுதும் முறையை அங்கு நிலைநாட்டினார். அம்முறையே பிற்காலத்தில் கப்பலேறி வந்து சென்னைக் கோட்டையின் மண்டபங்களிற் கவர்னர்களின் உருவங்களாகத் தொங்கியது. பின்னர் நம் அரசர்களின் அரண்மனைகளிலும் புகுந்தது.

வெளிநாட்டாரின் அம்முறையை ஆசிரியர் துணை பெரிதுமின்றித் தாமே கற்று, நம் நாட்டு முகங்களையும் நம் நாட்டு உடைகளையும் அதனால் எழுதி, இறுதியில் அவ்வோவியங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொணர்ந்து சேர்த்தவர் இரவிவர்மா. அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, உடையைப் பற்றி அவர் ஓவியங்கள் நமக்கு அறிவுறுத்துவன யாவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

இரவிவர்மா திருவிதாங்கூரைச் சார்ந்த கிளிமானூர் அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29ஆம் நாள் பிறந்தார். கிளிமானூர்க் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு பல தலைமுறையாக மணவுறவு கொண்டது. தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழியில் வல்லவர். தாயார் உமையம்பா தம்புராட்டி கவி பாடும் ஆற்றல் வாய்ந்தவர். தாய்மாமனாராகிய இராஜராஜவர்மா ஓவியப் பயிற்சியுடையவர். இளஞ்சிறுவர் சுவர்களிற் கரியாற் கிறுக்கிய உருவங்களைக் கண்டு சினவாது, அவற்றின் அழகை உணர்ந்து, முதற்பாடம் கற்பித்தவர் அம்மாமனாரே.

1862ஆம் ஆண்டிலே, பதினான்கு வயதினராகிய இரவிவர்மாவை மாமனார் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயிலியம் திருநாள் மகாராஜாவின் ஆதரவிற் சேர்த்தார். அரண்மனையில் இத்தாலிய ஓவியங்களைப் பற்றிய நூல்களும் ஐரோப்பியப் படங்களும் இருந்தன. அவற்றைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. ஆயின் கற்பிப்பார் கிடைத்திலர். மதுரையினின்று வந்து அரண்மனை ஓவியராக விளங்கிய இராமசாமி நாயுடு என்பார் நீர் வர்ணம் தீட்டுவதில் ஒருவாறு துணை நின்றாரேனும், தைல வர்ணத்தின் மருமத்தை வெளியிட உடன்பட்டிலர். அவரிடம் பணிபுரிந்த ஆறுமுகம் பிள்ளை என்பவரே தமக்குத் தெரிந்தவற்றை மறைவாக இளைஞர்க்குச் சொல்லிக்கொடுத்தார். 1868ஆம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவத்தை எழுதத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் எழுதுங்கால் அருகில் நின்று பார்த்திருக்க மட்டும் இசைந்தார். பார்த்ததையே பாடமாகக் கொண்டு, கலவையும் தூரிகையும் தாமே பழகி, பிழைத்துத் திருத்தித் தேர்ந்தார் இரவிவர்மா. பின்னர் அவர் மகாராஜாவையும் அரச குடும்பத்தாரையும் எழுதினார். மகாராஜா மகிழ்ந்து வீரசிருங்கலை என்னும் பொற்காப்பை அளித்துச் சிறப்பித்தார்.

இங்கே அவர் கற்றுக்கொண்ட புதுமை யாது என்பதைச் சிறிது விளக்குதல் நலம். தஞ்சாவூர் முறை ஓவியர், பலகையின்மேல் துணியை ஒட்டிச் சுண்ணமும் பசையுங் கொண்டு அணிகளைப் புடைப்பாக அமைத்து, அவற்றின்மேல் உண்மையான பொன் ரேக்கை ஒட்டிக் கற்களையும் பதிப்பர். அங்கே பொன்னைப் பொன்னே காட்டும். இரவிவர்மாவின் படங்களில் ஓரணுப் பொன்னும் இல்லை. மஞ்சளும் பழுப்பும் வெள்ளையுமாகிய வர்ணங்களை ஒளி விழுமிடம் அறிந்து வைத்தலாலேயே ஒட்டியாணம் மின்னுகின்றது. பட்டின் மடிப்பு விரலால் தொடத்தக்கதுபோல் நிற்கின்றது. மெல்லிய துகிலின் உள்ளே மேனி நிழலாடுகின்றது. பெருமக்கள் அவரை நாடியதற்கு இத்திறமும் ஒரு காரணமாகும். தாம் விலை கொடுத்து வாங்கிய பட்டும் மணியும் தம் காலத்துக்குப் பின்னும் ஒளிவிட வேண்டும் என்பது அவர்தம் ஆசையன்றோ?

1866ஆம் ஆண்டில் அவர் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதி பாயியை மணந்தார். 1870ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் நீதிபதியாயிருந்த கிழக்கே பாலாட்டுக் கிருஷ்ண மேனோனின் குடும்பத்தை எழுதிக் கொடுத்துக் கூலி பெற்றார். உயர்குடிப் பிறந்தார் ஒருவர் கைத்தொழில் செய்து பணம் பெறுதல் அக்காலத்தில் இழிவென்று கருதப்பட்டது. இரவிவர்மா அவ்விழிவுக்கு அஞ்சவில்லை. ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ்வதென்று உறுதி பூண்டார். அரண்மனையில் ஓரமாக நின்ற ஓவியன், அரசரோடு சரியாசனத்தில் இருக்கத்தக்கவன் என்னும் நிலை இவராலேயே நம் நாட்டில் உண்டாயிற்று.

உடையும் உரிமையும்

இரவிவர்மாவின் ஓவியங்களில் உடை பெற்ற இடத்தை அறிய வேண்டுமாயின், அவர் பிறந்த நாட்டில் அந்நாளில் உடை எத்துணைப் பெரிய வழக்காயிருந்தது என்பதை அறிதல் வேண்டும். மேலே நாம் கூறிய ஆங்கிலச் சட்டங்கள் நீங்கி இரண்டரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், திருவிதாங்கூரில் இன்ன சாதி மகளிர் இவ்வளவே உடுக்கலாம் என்னும் கட்டு நின்றது. நாடார் குல மகளிரும் அவரினும் தாழ்த்தப்பட்ட மகளிரும் மேலாடை அணிதல் தடுக்கப்பட்டிருந்தது. நாயர் மகளிருங்கூடத் தம்மினும் உயர்ந்தோர் முன்னர் மேலாடையை நீக்கி நிற்றலே மரியாதை எனக் கொள்ளப்பட்டது.

நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் ஊழியம் செய்த லண்டன் மிஷன் போதகர்களும் அவர்தம் மனைவியரும் பள்ளிகள் நிறுவித் தையலும் பின்னலும் கற்பித்தனர். கிறிஸ்தவ மகளிர் குப்பாயம் அணியலாயினர். இது பொறாதார் பலர். சந்தையிலும் சாலையிலும் மகளிரின் மேலாடை கிழிக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1858ஆம் ஆண்டிறுதியிற் கலகம் மூண்டது. சென்னைக் கவர்னர் டிரெவெலியன் துரை வற்புறுத்தியதன்மேல், 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் உத்திராடம் திருநாள் மகாராஜா ஓர் ஆணை பிறப்பித்தார். நாடார் மகளிர் தம் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அது கூறியது. ஆயின் உயர்குல மகளிர் உடுக்கும் அதே முறையில் உடுத்தலாகாது என்ற தடையை அது விட்டிலது. மானத்தைக் காக்கும் துணியைக் கொடுத்து, மதிப்பைக் காட்டும் துணியை மறுத்த ஆணை அது.

அவ்வாண்டில் இரவிவர்மாவுக்கு வயது பதினொன்று. அவ்வழக்கைப் பற்றி அவர் ஓவியம் ஒன்றும் எழுதினாரல்லர். ஆயினும், ஒரு முழத் துணியின் அகலத்திலே ஒருவர் வாழ்வின் மதிப்பெல்லாம் அடங்கியிருந்த நாட்டில் வளர்ந்த ஒருவர், பிற்காலத்தில் ஒவ்வொரு மடிப்பையும் கரையையும் அத்துணைக் கருத்தோடு எழுதினார் என்பதை நாம் மறத்தல் கூடாது.

சென்னையிற் பெற்ற சிறப்பு

திருவனந்தபுரத்திற் பழகிய திறத்தை உலகறியச் செய்த நகரம் சென்னையே. 1873ஆம் ஆண்டில் இங்கே நிகழ்ந்த ஓவியக் காட்சிக்கு அவர் அனுப்பிய, கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் படம் கவர்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அப்படம் வியன்னா நகரத்துப் பெருங்காட்சியிலும் பரிசு பெற்றது. மறு ஆண்டிலே சுரபத் என்னும் நரம்புக் கருவியை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம் சென்னையிற் புகழ் பெற்றது. 1876ஆம் ஆண்டில், தரைமீது சாய்ந்து தாமரை இலையில் துஷ்யந்தனுக்கு ஓலை எழுதும் சகுந்தலையின் படம் இங்கே வைக்கப்பட்டது. கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபு அதனைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டார். வடமொழிப் புலவர் மோனியர் வில்லியம்ஸ், காளிதாசரின் சாகுந்தலத்துக்குத் தாம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் முகப்பில் அப்படத்தை அமைத்துக்கொண்டார்.

1878ஆம் ஆண்டில் பக்கிங்ஹாம் பிரபுவின் முழு உருவத்தை எழுதும் பணி இரவிவர்மாவிடம் ஒப்புவிக்கப்பட்டது. இஃது எளிய செய்தியன்று. அதுவரை கவர்னர்களின் உருவங்களை எழுத ஐரோப்பிய ஓவியரையே தேடுவது வழக்கம். வான்டைக் காலந்தொட்டு ஆங்கிலப் பிரபுக்களை எழுதிவந்த அதே முறையில், அதே கம்பீரத்தோடு, ஓர் ஆங்கிலப் பிரபுவை, ஐரோப்பாவைக் கண்ணாலுங் காணாத முப்பது வயது இந்தியர் ஒருவர் எழுதி நிறுத்தினார். அன்று முதல் அரசர்களும் ஜமீன்தார்களும் நீதிபதிகளும் அவர் தூரிகைக்காகக் காத்திருப்பாராயினர்.

அக்காலத்துப் பெருமக்களின் உருவங்களைக் காணுங்கால் நாம் ஒன்றை நோக்குதல் தகும். தலையிலே தலைப்பாகையோ முடியோ நம் நாட்டது. மார்பிலே இந்திய நட்சத்திரப் பட்டயமோ விக்டோரியா அரசியார் அளித்தது. இடையில் உடைவாள், உறையினின்று எடுக்கும் தேவை இல்லாதது. நிற்கும் நிலையோ வான்டைக் வகுத்தது. இரண்டு அரசுகளுக்கு நடுவே நின்ற ஒரு தலைமுறையின் வரலாறு முழுவதும் அவ்வுடையில் எழுதப்பட்டிருக்கின்றது.

மாதவராயரும் பரோடா அரசரும்

1880ஆம் ஆண்டில் ஆயிலியம் திருநாள் மகாராஜா காலஞ்சென்றார். அடுத்துப் பட்டம் எய்திய விசாகம் திருநாள் மகாராஜாவோடு இரவிவர்மாவுக்கு மனவேற்றுமை உண்டாயிற்று. ஓர் அரண்மனையை நம்பியிருந்த வாழ்வு அத்துடன் முடிந்தது. ஒரு கதவு அடைபட்டபோது பல கதவுகளைத் திறந்துவிட்டவர் இராஜா சர் டி. மாதவராயர்.

கும்பகோணத்திற் பிறந்து, சென்னை உயர்தரப் பள்ளியிற் பவல் துரையிடம் பயின்று, திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாயிருந்து, இறுதி நாட்களை நம் மயிலாப்பூரிற் கழித்து 1891ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்த பெரியார் அவர். மேலாடைக் கலகம் நிகழ்ந்த நாளில் திருவிதாங்கூர்த் திவானாயிருந்தவரும் அவரே. இரவிவர்மாவின் திறத்தை இளமைமுதல் அறிந்த அவர், 1881ஆம் ஆண்டில் பரோடாவில் மூன்றாம் சயாஜிராவ் மன்னர் ஆட்சிப் பொறுப்பேற்கும் விழாவை ஒட்டி ஓவியரை அங்கு வரவழைத்தார். தம்பியார் இராஜராஜவர்மாவும் உடன் சென்றார். இவ்விளையவரும் தேர்ந்த ஓவியரே. பின்புலத்தை எழுதுதல், கடிதம் எழுதுதல், கணக்குப் பார்த்தல், ஊர் ஊராய்ப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தல் ஆகிய அனைத்தையும் தாங்கித் தமையனார்க்கு வலக்கையாய் விளங்கினார்.

பரோடாவில் எழுதப்பெற்றவற்றுள் மன்னரின் முதல் தேவியாராகிய சிம்னாபாயியின் உருவமும் ஒன்று. இவ்வம்மையார் தஞ்சை மராட்டியக் குடும்பத்துப் பெண். தஞ்சையிற் பிறந்து மேற்கே சென்று வாழ்ந்து 1885ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்த அரசியாரை நாம் இன்று காண்பது திருவிதாங்கூர் ஓவியரின் கைத்திறத்தாலேயாகும்.

மாதவராயர் செய்த பேருதவி மற்றொன்றுண்டு. ஓவியர் ஒருவர் தம் வாழ்நாளில் எழுதக்கூடிய படங்கள் சில. அவற்றை விரும்புவோரோ பலர். ஆதலால் தேர்ந்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வர்ண அச்சிற் பதிப்பித்தால் புகழும் பெருகும், நாட்டுக்கும் நன்மையாம் என்ற கருத்தை அவர் இரவிவர்மாவுக்குக் கடிதவாயிலாகத் தெரிவித்தார். அவ்வித்து முளைத்து மரமாகப் பத்தாண்டுகள் சென்றன.

புராண மகளிர் உடுத்த சேலை

1888ஆம் ஆண்டில் பரோடா மன்னர் புராணக் கதைகளைக் காட்டும் பதினான்கு பெரிய ஓவியங்களை எழுதித்தருமாறு பணித்தார். இப்பணியில் எதிர்பாராத இடர்ப்பாடு ஒன்று தோன்றிற்று. தமயந்தி என்ன உடுத்திருந்தாள்? சீதையின் சேலை எவ்வாறு கட்டப்பட்டது? அரசர்களையும் திவான்களையும் எழுதுங்கால் அவரவர் உடுத்திருந்ததைப் பார்த்து எழுதினார். புராண மகளிர் உடுத்ததை யாரைப் பார்த்து எழுதுவது?

விடை தேடிச் சகோதரர் இருவரும் வடநாடெங்கும் பயணம் செய்தனர். ஊர்தோறும் உடை வேறு, கட்டும் முறை வேறு, அணி வேறாயிருக்கக் கண்டனர். பழங்காலத்து உடை இதுவெனத் துணிந்து கூறுதற்கு வழி கிடைக்கவில்லை. முடிவில் தம் காலத்தில் வழங்கிய சேலையையே இரவிவர்மா தெரிந்தெடுத்தார். மேலைநாட்டில் கண்டெடுக்கப்பட்ட அச்சேலைக் கட்டும் தென்னாட்டு அணிகலனும் ஒன்றுசேர்ந்து தேவியரின் திருமேனியில் ஏறின. கிளிமானூரில் உருவாகிய அப்படங்கள் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பரோடாவிலும் மக்கள் காண வைக்கப்பட்டபோது திரள் திரளாக மக்கள் வந்து கண்டனர். அரண்மனைப் பெண்டிர் உடுக்கும் பட்டைத் தெய்வங்கள் உடுத்தமையால் அரண்மனைக்குப் பெருமை உண்டாயிற்றா, தெய்வங்கள் நம் வீட்டு மகளிரைப் போலத் தோன்றினமையால் வீட்டுக்குப் பெருமை உண்டாயிற்றா என்று துணிதல் அரிது. இரண்டும் உண்டாயின என்பதே எம் கருத்து.

இக்காலத்தை ஒட்டி எழுதப்பெற்று, மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் உள்ள இசை மகளிர் குழு என்னும் ஓவியமும் இங்கு நினைக்கத்தக்கது. பல நாட்டைச் சார்ந்த பதினொரு மகளிர், தத்தம் நாட்டு உடையோடு ஒரே படத்தில் ஒருங்கு கூடியிருக்கின்றனர். இந்தியா ஒரு நாடு என்னும் எண்ணம் அரும்பத் தொடங்கிய காலத்தில், உடையின் வேற்றுமையால் ஒற்றுமையைக் காட்ட முயன்ற படம் அது. 1893ஆம் ஆண்டில் சிக்காகோவில் நடந்த உலகக் காட்சிக்கு அவர் பல வகுப்பு மகளிரின் கோலங்களைக் காட்டும் பத்துப் படங்களை அனுப்பிப் பரிசு பெற்றார். சென்னை இளைஞர்கள் பொருள் திரட்டி விவேகானந்தரை அனுப்பிவைத்த சர்வ சமயப் பேரவை கூடியதும் அக்காட்சியை ஒட்டியே.

அச்சுக்கூடம்

மாதவராயர் சொல்லிய கருத்து 1894ஆம் ஆண்டிற் செயலாயிற்று. இரவிவர்மா பம்பாயிலே ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். ஜெர்மனியினின்று இயந்திரமும் தொழில் வல்லுநரும் வந்தனர். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல்லாகப் படத்தைப் பிரித்து வரைந்து, ஒரே தாளை ஒவ்வொரு கல்லின்மேலும் மாறாது பொருந்த வைத்து அழுத்தி, இறுதியில் தைலப் படம்போலப் பளபளக்கச் செய்வது அத்தொழில். ஒரு கல் இம்மியளவு பிறழ்ந்தாலும் தேவியின் கண் புருவத்தில் ஏறிவிடும். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம். பின்னர் இலக்குமியும் கலைமகளும் வெளிவந்து ஊரெங்கும் பரந்தனர்.

கோயிலின் உட்புறம் செல்லத் தகாதவரென்று விலக்கப்பட்ட மக்களும், சில காசு கொடுத்துத் தெய்வத்தின் முழுக் கோலத்தையும் தம் வீட்டிலேயே கண்டனர். இது சிறிய மாறுதலன்று. இன்னொரு வழக்கமும் தோன்றிற்று. படத்தை வாங்கிய மகளிர் சிலர், தேவியின் சேலைமீது உண்மையான பட்டுத் துண்டையும் சரிகையையும் சம்கியையும் ஒட்டித் தைத்து அலங்கரித்தனர். தஞ்சை ஓவியரின் பொன்னை இரவிவர்மா தூரிகையால் நீக்கினார். வீட்டுப் பெண்டிர் ஊசியால் அதனைத் திரும்பக் கொணர்ந்தனர்!

எனினும் தொழிலால் அவர் பொருள் ஈட்டினாரல்லர். பம்பாயிற் கொள்ளைநோய் பரவிய காலம் அது; செலவு மிகுந்தது; கடன் ஏறிற்று. 1899ஆம் ஆண்டில் அச்சுக்கூடம் லோனாவளையை அடுத்த மளவலிக்கு மாற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானிய வல்லுநருக்கே விற்கப்பட்டது. அதன்பின்னும் அது நெடுங்காலம் நடைபெற்றது. 1972ஆம் ஆண்டில் நேர்ந்த தீயில் அதன் கற்களும் படங்களும் பெரும்பாலும் அழிந்தன.

இறுதி நாட்கள்

1891ஆம் ஆண்டில் மனைவியாரை இழந்த இரவிவர்மா, பின்னர்ப் பெரும்பாலும் பயணத்திலேயே காலங்கழித்தார். 1900ஆம் ஆண்டில் அவர் பேத்தியர் இருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தாக எடுத்துக்கொள்ளப்பட்டனர். 1904ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கத்தார் கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் அளித்தனர். இராஜா என்னும் அடைமொழி அவர் பெயரோடு நிலைபெற்றது. பிறர் மார்பிற் பதக்கங்களை எத்தனையோ முறை எழுதிய கைக்கு உரியவர், தாமும் ஒன்றை அணியும் நாள் வந்தது. ஆயின் மறு ஆண்டே தம்பியார் இராஜராஜவர்மா காலமானார். அப்பிரிவினின்று தமையனார் மீளவில்லை. மைசூர் அரண்மனைக்காக மேற்கொண்ட ஓவியங்களிலே உழைத்துக்கொண்டிருந்தவர், 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2ஆம் நாள் தாம் பிறந்த கிளிமானூரிலேயே உயிர் நீத்தார். வயது ஐம்பத்தெட்டு.

மதிப்பீடு

இரவிவர்மாவைப் பழித்தவரும் உளர். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்து பின் கல்கத்தாவுக்குச் சென்ற ஹாவெல் துரையும், யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசாமியும், இவருடைய புராண ஓவியங்கள் நாடக மேடைக் காட்சிபோல் இருக்கின்றன என்றும், மேனாட்டு முறையைப் பின்பற்றியமையால் நம் கலையின் உள்ளுயிரை இழந்தன என்றும் கருதினர். அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சார்ந்த ஜேம்ஸ் கசின்ஸ் முதலில் அவர்தம் கட்சியையே ஆதரித்தவர். ஆயினும் 1935ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துச் சித்திராலயம் அவர் முயற்சியால் திறக்கப்பெற்றபோது, இரவிவர்மாவின் ஓவியங்கள் அங்கே சிறந்த இடம் பெற்றன. 1979ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் இவர் படைப்புகளை நாட்டின் கலைச் செல்வமென அறிவித்து, வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லாதபடி தடுத்தனர்.

எமக்குத் தோன்றும் குறை வேறொன்று. உடையாற் பிரிக்கப்பட்டிருந்த மக்களுக்கு, அரண்மனைக்குள் அடைபட்டிருந்த அழகைத் தாளிலே பகிர்ந்து கொடுத்தவர் அவர். ஒரு வேலியைத் தளர்த்தினார். ஆயின் அவர் காட்டிய அழகு, பெரும்பாலும் செந்நிற மேனியும் பட்டும் பொன்னும் உடைய உயர்குடி மகளின் அழகே. வயலில் உழைத்துக் கறுத்த தமிழ்ப் பெண்ணின் கோலம் அவ்வச்சுக்கூடத்திலிருந்து தேவியாக வெளிவரவில்லை. இவ்வண்ணம், வேலி தளர்ந்த இடத்தில் கண்ணுக்குப் புலனாகாத வேறொரு வேலி எழுந்தது. திருமணச் சந்தையிலும் விளம்பரப் பலகையிலும் அதன் நிழலை இன்றும் நாம் காண்கின்றோம்.

அவர் ஓவியத்தின் ஆட்சி நம் நகரில் இன்னும் ஓய்ந்ததன்று. மயிலைக் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் விற்கப்படும் சட்டமிட்ட படங்களில், வெண்சேலை உடுத்து வீணை ஏந்திய கலைமகளையும் செந்தாமரைமேல் நின்ற திருமகளையும் காண்பார், அவர் கை வழியையே காண்கின்றனர். தியாகராய நகரிலும் பெருங்கடை வைத்துள்ள சென்னை சில்க்ஸ் நிறுவனத்தார், 2008ஆம் ஆண்டில் அவருடைய இசை மகளிர் ஓவியத்தை முந்தானையில் நெய்து, வேறு பத்து ஓவியங்களையும் சேர்த்துப் பொன்னும் மணியும் இழைத்து, ஏறத்தாழ 40 இலட்ச ரூபாய் மதிப்புள்ள பட்டுச் சேலை ஒன்றை உருவாக்கினர். சேலையைப் படமாக எழுதினார் ஓவியர். படமே சேலையாக நெய்யப்பட்டது. எல்லார்க்கும் பொதுவாகச் சில காசுக்கு விற்ற உருவம் மீண்டும் செல்வர் பேழைக்குட் சென்று சேர்ந்ததும் ஒரு வியப்பே.

இவ்வரலாற்றினின்று நம் மாணவர் கொள்ளத்தக்கன இரண்டு. கற்பிப்பார் கதவடைத்த இடத்தும், காணும் கண்ணும் சலியாத கையும் உடையார்க்குக் கல்வி தடைப்படாது என்பது ஒன்று. ஓர் உருவத்தைக் காணுங்கால், எழுதப்பெற்றவர் யாவர் என்று மட்டும் நோக்காது, அவ்வுடையை உடுக்கும் உரிமை அன்று யார்க்கு இருந்தது, யார்க்கு மறுக்கப்பட்டது என்றும் வினவப் பழகுதல் வேண்டும் என்பது மற்றொன்று. எழும்பூர் அரும்பொருட் காட்சிச்சாலையைச் சார்ந்த ஓவியக்கூடத்தில் இரவிவர்மாவின் ஓவியங்கள் உள்ளன. தம் உருவத்தைத் தாமே நாடோறும் பன்முறை எடுத்துக்கொள்ளும் இக்காலத்து இளைஞர், ஒரு விடுமுறை நாளில் அங்குச் சென்று அவற்றின்முன் சிறிது நேரம் நிற்பாராக. பட்டின் ஒளியைக் கண்டு மகிழ்வதோடு, குப்பாயம் ஒன்றுக்காகச் சாலையில் அடிபட்ட நாஞ்சில் நாட்டு மகளிரையும், எழுதப்படாத அவர்தம் உருவங்களையும் அவர்கள் ஒருகணம் நினைப்பாராயின், அவ்வோவியங்களை முழுதும் கண்டவராவர்.